வீரய்யாவின் முகம் மாவு நிலையில் உள்ளது

பார்வை மீட்பு வாரியம் என்று ஒன்று புதுக்கோட்டையில் இருப்பது பலருக்குத் தெரியாது. நல்ல பார்வை உள்ளவர்களுக்குக்கூடத் தெரியாது. பழைய அரிசி மண்டி ஒன்றின் மாடியில் இருக்கிறது. படிக்கட்டில் விளக்கு கிடையாது. கண் தெரியாதவர்கள் ஏறி வருகிற படிக்கட்டுக்கு விளக்கு எதற்கு என்று யாரோ யோசித்துத்தான் விட்டிருக்க வேண்டும்.

என் பெயர் ஆண்ட்ரூஸ். சொந்த ஊர் ஆவூர். ஆலங்குடியில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, பெயர் சூட்டு எல்லாம் எடுப்பேன். போன மே மாதம் பதினாலாம் தேதி இந்த வாரியம் கந்தர்வக்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் கண்புரை முகாம் நடத்தியது. புரை உள்ள ஒவ்வொருவரையும் முகம் நேராகத் தெரிகிற மாதிரி, கண்ணில் இருக்கும் வெள்ளை தெளிவாகத் தெரிகிற மாதிரி படம் எடுக்க வேண்டும். அந்தப் படத்தை ஒட்டி அட்டை போடுவார்கள். அட்டையைக் காட்டினால் இலவசமாக ஆபரேஷன். படம் இல்லாமல் அட்டை இல்லை, அட்டை இல்லாமல் கத்தி இல்லை. அறுபத்து மூன்று பேரை எடுத்தேன். பகல் சாப்பாட்டுக்கு முன்னால் வேலை முடிந்துவிட்டது.

தப்பு என்னுடையதுதான், மறைக்க மாட்டேன். முதல் நாள் ஒரு கல்யாணத்துக்காக 'ரா' பதிவில் வைத்த கேமராவை மாற்ற மறந்துவிட்டேன். சாதாரணமாகப் படம் எடுத்தால் கேமராவே அதைச் சமைத்துத் தட்டில் வைத்துவிடும். ராவில் எடுத்தால், வெளிச்சத்தை அப்படியே அள்ளி வைத்துக்கொண்டு சும்மா இருக்கும். அப்புறம் கம்ப்யூட்டரில் ஒரு மென்பொருளைப் போட்டு நாம்தான் படமாக்க வேண்டும். அதற்கு ஆளுக்கு மூன்று நிமிடம் ஆகும். அந்த மூன்று நிமிடத்தைப் பற்றியதுதான் இந்தக் கதை.

பென் டிரைவைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது வாரியத்தின் கம்ப்யூட்டர், கோப்பைத் திறக்க முடியவில்லை என்றது. திட்ட அலுவலர் ரெங்கராஜ் கூப்பிட்டார். ஐம்பத்தெட்டு வயது. தலையில் இருக்கும் முடியை இடது காதிலிருந்து வலது காதுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருப்பார்.

"என்ன குடுத்திருக்கீங்க?"

"ரா ஃபைல் சார். மாவு மாதிரி. இட்லி ஊத்தறதா தோசை ஊத்தறதான்னு நாமதான் முடிவு பண்ணணும். அரை நாள் குடுங்க, எல்லாத்தையும் நானே ஊத்திக் குடுத்துர்றேன்."

இப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. பக்கத்தில் கண்காணிப்பாளர் திருமுருகன் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். இவர் எதையும் விடமாட்டார். மின்விசிறி நின்றால் நேரம் போட்டு எழுதுவார். "ஒளிப்படக்காரர் பயனாளிகளை மாவு நிலையில் ஒப்படைத்துள்ளார்" என்று கோப்பில் ஏறியது. அப்புறம் கடைசிவரை அந்த வார்த்தை இறங்கவே இல்லை.

"நீங்களே ஊத்தக் கூடாது. விதி பதினாலு. படம் எடுத்தவர் அதில் கை வைக்கக் கூடாது. ஏன்னு கேளுங்க."

"ஏன் சார்?"

"அது விதி பதினஞ்சுல வரும். பதினஞ்சு இன்னும் மேலேருந்து வரலை."

அப்போது வாசல் நிலையைத் தடவிக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தார். வீரய்யா. முகாமில் நான் முதலில் எடுத்த முகம். பத்து நாளில் அட்டை வாங்கிக்கொள்ளலாம் என்று யாரோ சொல்லி, கந்தர்வக்கோட்டைப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். ஐம்பத்தாறு வயது, மானாவாரியில் கடலை போடுகிறவர். இடது கண் ஒன்பது வயதில் கிட்டிப்புல் பட்டுப் போய்விட்டது. வலது கண்ணில் புரை. அதை வைத்துத்தான் இத்தனை நாளும் மாட்டையும் மனுஷரையும் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார், இப்போது அதுவும் சிரமம். முகாமில் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "நல்லா முத்திருச்சு. ஆவணி முடியறதுக்குள்ள எடுத்துடணும். விட்டா உள்ள பிரஷர் ஏறிடும், அப்புறம் எடுத்தும் புண்ணியமில்லை" என்று சொன்னது என் காதில் விழுந்திருந்தது.

"சார், அண்ணன் இங்கதான் நிக்கிறாரு. கேமரா பையில இருக்கு. இப்பவே சாதாரணமா ஒண்ணு எடுத்துக் குடுத்துர்றேன்" என்றேன்.

ரெங்கராஜ் வீரய்யாவைப் பார்த்தார். கையொப்பமிடாத நகலைப் பார்க்கிற பார்வை. "இவரு இன்னைக்கு உள்ள வீரய்யா. எனக்கு வேணுங்கிறது மே பதினாலாம் தேதி வீரய்யா."

"அவரும் நாந்தானுங்க சார்" என்றார் வீரய்யா.

"அதை நீங்க சொல்றீங்க. படம் சொல்லணும்."

சரி, பதிவை ரத்து செய்யுங்கள், அவர் வேறு ஆஸ்பத்திரிக்குப் போகட்டும் என்று கேட்டேன். ரத்து செய்வதற்கான படிவத்திலும் படம் ஒட்ட வேண்டுமாம். பதிவு இருக்கிறவரைக்கும் வேறு எங்கே போனாலும் கம்ப்யூட்டரில் 'வாரியத்தின் பயனாளி' என்று வரும், திருப்பி அனுப்பிவிடுவார்கள். முகாமில் வாங்கி வைத்த அவருடைய அசல் ரேஷன் கார்டும் வாரியத்தின் பீரோவில் இருந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டார் என்பார்கள். இங்கே சாமியே பூசாரியிடம் வரிசையில் நின்றது.

மாவைப் படமாக்க எந்த மென்பொருள் வாங்குவது என்று முடிவு செய்ய ஒரு தேர்வுக் குழு அமைக்கப்பட்டது. வியாழக்கிழமைதோறும் காலை பதினோரு மணி. குரு பார்க்கக் கோடி நன்மை என்று ரெங்கராஜே குறித்த கிழமை. அவர் தலைவர், திருமுருகன் செயலாளர். கம்ப்யூட்டர் ஆபரேட்டர் இசைவாணிக்கு கம்ப்யூட்டரை இயக்க அனுமதி உண்டு, கருத்துச் சொல்ல அனுமதி இல்லை. நான் 'தவறு செய்தவர்' என்ற முறையில் சிறப்பு அழைப்பாளர். ஜூன் முதல் வியாழக்கிழமை குழு கூடியது. ரெங்கராஜ் எழுந்து நின்று பேசினார். நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம்.

"படம்ங்கிறது உண்மை. உண்மையை யாரு வேணும்னாலும் மாத்தலாம். ஆனா முறைப்படி மாத்தணும். அந்த முறை தெரிஞ்சவங்க கையில மட்டும்தான் உண்மை இருக்கணும். வாரியம் எதுக்கு இருக்குன்னு வெளியில கேக்கிறாங்க. இதுக்குத்தான் இருக்கு."

திருமுருகன் தனியாகக் கை தட்டினார், பிறகு அதைக் குறித்துக்கொண்டார்.

இரண்டாவது வியாழன் இசைவாணி தானாகவே ஒரு மென்பொருளை இறக்கி வைத்திருந்தாள். வீரய்யாவின் கோப்பைத் திறந்தாள். ரெங்கராஜ் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வதற்குள் படம் வந்துவிட்டது. வலது கண்ணில் புரை பால் திரிந்த மாதிரி தெளிவாகத் தெரிந்தது. எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. முடிந்தது வேலை, இனி ஆலங்குடிக்குப் போய்ப் பிழைப்பைப் பார்க்கலாம் என்று நினைத்தேன்.

"என்ன விலை?" என்றார் ரெங்கராஜ்.

"இலவசம் சார்" என்றாள் இசைவாணி.

"இலவசம்னா கொட்டேஷன் யாரு குடுப்பா?"

"யாரும் இல்ல சார். ஒலகம் பூரா நெறைய பேரு சேர்ந்து எழுதினது."

"அப்ப நெறைய பேரு கையெழுத்து வேணும். மூணு கொட்டேஷன் இல்லாம நான் ஒரு துடைப்பம் வாங்க முடியாது. நீ ஒலகத்தைக் கொண்டாந்து வைக்கிறே."

"விலை இல்லாத காரணத்தால் இது மலிவானதா என்று தீர்மானிக்க இயலவில்லை" என்று எழுதிவிட்டு, அந்த மென்பொருளை கம்ப்யூட்டரிலிருந்து அழிக்கச் சொன்னார்கள். வீரய்யாவின் முகமும் கூடவே போய்விட்டது. இசைவாணி என்னைப் பார்த்தாள். கருத்துச் சொல்லவில்லை.

அடுத்து வந்தது மாத வாடகைக்குக் கிடைக்கிற மென்பொருள். உலகத்தில் பாதிப் பேர் அதைத்தான் வைத்திருக்கிறார்கள் என்றேன். ரெங்கராஜ் கட்டடத்தின் வாடகை ஒப்பந்தத்தை எடுத்துவரச் சொன்னார். உள்வாடகைக்கு யாரையும் வைக்கக் கூடாது என்று அதில் எழுதியிருந்தது. வாடகைக் கட்டடத்துக்குள் வாடகை மென்பொருள் வந்து உட்கார்ந்தால் மண்டிக்காரர் வழக்குப் போடுவார் என்று மூன்று வியாழக்கிழமை பேசினார்கள். ஆனி பாதி போய்விட்டது.

ஆறாவது வியாழனில்தான் உருப்படியாக ஒன்று நடந்தது. விலைக்கு வாங்கும் மென்பொருள்கள் மூன்றைச் சோதனைக்குக் கொண்டுவந்து, மூன்றிலும் வீரய்யாவைத் திறந்தார்கள். ஒன்றில் செங்கல் நிறத்தில் வந்தார். இன்னொன்றில் அட்டக்கறுப்பு. மூன்றாவதில் மஞ்சள்காமாலைக்காரர் மாதிரி இருந்தார். ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு கைப்பக்குவம் உண்டு சார், நிறத்தைக் கொஞ்சம் நகர்த்தினால் சரியாகிவிடும், நமக்கு வேண்டியது கண்ணில் இருக்கிற புரைதானே என்று சொன்னேன்.

"எது அசல் வீரய்யா?" என்று கேட்டார் ரெங்கராஜ். திருமுருகன் கேள்வியை எழுதிக்கொண்டார். பிறகு அவரே சொன்னார். "ஒப்பிட்டுப் பாக்க ஒரு மாதிரி வேணும். வீரய்யாவை வரச் சொல்லுங்க."

அன்றிலிருந்து வீரய்யா வியாழக்கிழமைதோறும் வர வேண்டியதாயிற்று. பஸ் நிலையத்திலிருந்து என் வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவேன். இருட்டுப் படியில் கையைப் பிடித்து ஏற்றுவேன். மானிட்டருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள். ரெங்கராஜ் ஒரு தடவை திரையைப் பார்ப்பார், ஒரு தடவை ஆளைப் பார்ப்பார். புரை இருக்கும் கண்ணை மட்டும் யாரும் பார்க்கவில்லை. நிறம்தான் விவகாரம். திருமுருகன் பெயின்ட் கடையிலிருந்து நிற அட்டை வாங்கிவந்தார். சுவருக்கு அடிக்கிற பெயின்ட்டின் நிறங்களெல்லாம் எண் போட்டு விசிறி மாதிரி விரியும். அதை வீரய்யாவின் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். கன்னம் ஒரு எண், நெற்றி ஒரு எண், கழுத்து இன்னொரு எண். கழுத்து எண் வாசலுக்கு வெளிப்பூச்சாக நன்றாக எடுக்கும் என்று ரெங்கராஜ் தன் வீட்டுக்கும் குறித்துக்கொண்டார்.

"என்னத்தத் தம்பி தடவுறாக?" என்று வீரய்யா என்னிடம் கேட்டார்.

"நிறம் பாக்குறாங்கண்ணே."

"கண்ணுக்கு நெறம் எதுக்கு?"

கண்ணைக் கெடுத்தவன் நான் இல்லை என்றாலும், கண் கிடைக்கவிடாமல் செய்தவன் நான்தான். ஒரே ஒரு பொத்தானை மாற்றி வைக்காத பாவம். அந்த நாற்காலியில் அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது எனக்குச் சோறு இறங்காது.

எட்டாவது வியாழன் எண்கள் மாறிவிட்டன. போன வாரக் கன்னம் இந்த வாரம் இரண்டு எண் தள்ளிப் போயிருந்தது. திருமுருகன் பயந்துபோய் விசாரித்ததில், வீரய்யா இடையில் வயலுக்குப் போய்வந்தது தெரிந்தது. ஆனியில் போட்ட கடலை முளைத்துக் களை மண்டியிருந்தது. ரெங்கராஜ் அங்கேயே ஒரு குறிப்பாணை தட்டச்சு செய்யச் சொன்னார். வீரய்யாவால் படிக்க முடியாது என்பதால் இசைவாணி வாசித்தாள்.

"மென்பொருள் தேர்வு முடியும்வரை தாங்கள் வெயிலில் நின்று நிறம் மாறக் கூடாது எனவும், அவ்வாறு மாறினால் ஏற்படும் காலதாமதத்துக்குத் தாங்களே முழுப் பொறுப்பு எனவும் இதன்மூலம் அறிவுறுத்தப்படுகிறது."

"கடலைக்குக் களை வெட்டணுமுங்களே சார்."

"கொடை பிடிச்சுக்கிட்டு வெட்டுங்க. வாரியம் விவசாயத்துக்கு எதிரி இல்லை."

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, மனசு கேட்காமல் அவர் ஊருக்குப் போனேன். வீரய்யா வயலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். தோளுக்கும் கன்னத்துக்கும் நடுவில் கறுப்புக் குடை. கையால் தடவித் தடவிக் களைக்கொத்தைப் போட்டுக்கொண்டு போனார். நாலடி பின்னால் அவர் மனைவி காத்தாயி, அவர் பிடுங்கிப் போட்ட கடலைச் செடிகளைத் திரும்ப ஊன்றிக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வாங்க தம்பி. பாத்தீகளா? இவுக எடுக்குற எடுப்புக்கு வெள்ளாமை நமக்கில்ல, களைக்குத்தான். வீட்ல இருங்கன்னா கேக்க மாட்டேங்கிறாக."

"குடுத்த ஆர்டர மீறக் கூடாதுல்ல. அதான் கொடை" என்றார் வீரய்யா குடைக்குள்ளிருந்து.

"நீங்க ஏதோ பொத்தான மாத்தி அமுக்கிட்டீகளாமே தம்பி?" என்று காத்தாயி கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஆமாக்கா" என்றேன். அவர் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

இந்த நிலையில்தான் சிவபிரகாஷ் வந்தார். நாலாவது மென்பொருளின் ஏஜென்ட். எங்கள் பக்கத்து ஸ்டூடியோக்களில் பாதிப் பேருக்கு விற்றவர். மணப்பெண் முகத்தில் பரு இருந்தால் தானே எடுத்துவிடும், மாப்பிள்ளைக்குக் கண்ணுக்குக் கீழே கருவளையம் இருந்தால் தானே துடைத்துவிடும், அப்படிப்பட்ட மென்பொருள். கல்யாண ஆல்பத்துக்கு நானே வைத்திருக்கிறேன். குற்றம் சொல்ல மாட்டேன், அது செய்யப் பிறந்ததைச் செய்கிறது.

சிவபிரகாஷ் விளக்கம் ஒன்றும் கொடுக்கவில்லை. பன்னிரண்டாவது வியாழக்கிழமை காலையில் அரிசி மண்டி வாசலில் எட்டடிக்கு ஒரு பேனர் நின்றது. 'பார்வை தரும் பெருந்தகையே, வருக' என்று எழுதி, கும்பிட்டபடி ரெங்கராஜ். எங்கள் மாவட்டத்தில் காதுகுத்துக்கும் பேனர், கருமாதிக்கும் பேனர். ஆளை விட பேனர் பத்து வயது குறைவாக இருப்பது வழக்கம். இதில் இருபத்தைந்து குறைந்திருந்தது. வழுக்கை மூடியிருந்தது, கண்ணுக்குக் கீழே இருந்த பைகளைக் காணோம், பல்லெல்லாம் வரிசைக்கு வந்திருந்தன.

ரெங்கராஜ் படியில் ஒரு கால் வைத்துவிட்டு இறங்கினார். பேனரைப் பார்த்தார். மறுபடி ஏறினார், மறுபடி இறங்கினார்.

"யாரு எடுத்தது?"

"ஒங்க பழைய ஐடி கார்டு போட்டோதான் சார்" என்றார் சிவபிரகாஷ். "நாங்க எதையும் திருத்தல. உள்ள இருந்ததை மென்பொருள் வெளிய கொண்டாந்துச்சு, அம்புட்டுத்தான்."

அன்றைய கூட்டம் ஏழு நிமிடத்தில் முடிந்தது. ரெங்கராஜின் குரலில் ஒரு நெகிழ்ச்சி. "மத்த மென்பொருள் எல்லாம் வெளியில தெரியறதைக் காட்டுது. அதைக் காட்டுறதுக்கு மென்பொருள் எதுக்கு, கண்ணாடி போதுமே. வாரியத்துக்கு வேணுங்கிறது ஆளோட உண்மை. பன்னெண்டு வாரமா நாம தேடினது இதைத்தான்." கொட்டேஷன் மூன்று வேண்டும் என்ற விதி என்ன ஆயிற்று என்று கேட்க வாயெடுத்தேன். திருமுருகன் என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். ஆவணி பிறந்து நாலைந்து நாள் ஆகியிருந்தது, எனக்கு வேண்டியதும் எப்படியோ ஒரு படம்.

மத்தியானம் இசைவாணி ஒரே பொத்தானை அமுக்கினாள். அறுபத்து மூன்று பேரும் வரிசையாக வந்தார்கள். கடலை வெட்டுகிறவர்கள், முந்திரி உடைக்கிறவர்கள், எல்லாரும் வரவேற்பு மேடையில் நிற்கிற மாதிரி மினுமினுப்பாக இருந்தார்கள். நான் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இசைவாணிதான் முதலில் கவனித்தாள்.

"அண்ணே, கண்ணுல வெள்ளையக் காணோம்."

உண்மைதான். ஒருவர் கண்ணிலும் புரை இல்லை. கருவிழி நாவல்பழமாக இருந்தது, நடுவில் ஒரு வெளிச்சப் பொட்டு வேறு. கறை என்று நினைத்து மென்பொருள் தானாகவே துடைத்துவிட்டது. வீரய்யாவுக்கு வலது கண் மட்டுமில்லை, ஒன்பது வயதில் போன இடது கண்ணும் திரும்பி வந்திருந்தது.

ஓடிப்போய் ரெங்கராஜிடம் சொன்னேன். "சார், புரை தெரியணும்னுதான் படமே எடுத்தோம்."

"படத்துல புரை இருக்கா?"

"இல்ல சார், ஆனா கண்ணுல இருக்கு."

"இது தேர்வுக் குழு தேர்ந்தெடுத்த மென்பொருள். அது இல்லைங்குது. நீங்க இருக்குங்கிறீங்க. ஒங்களைத் தேர்ந்தெடுத்தது யாரு?"

"சார், டாக்டர் ஆவணிக்குள்ளன்னு சொல்லிருக்காரு. அந்த ஆளுக்கு வேற கண்ணு இல்ல சார். கும்பிட்டுக் கேக்குறேன்" என்றேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார் என்று சொல்ல முடியாது. திரையில் வரிசையாக நின்ற கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது.

"திருமுருகன், முகாமுக்கு வந்தப்ப எல்லாருக்கும் புரை இருந்துச்சுல்ல?"

"டாக்டர் சான்று இருக்கு சார். அறுபத்து மூணு."

"இப்ப இல்லைல்ல?"

"படத்தின்படி இல்லை சார்."

"நடுவுல என்ன நடந்துச்சு?"

திருமுருகன் யோசித்தார். "நாம நடந்தோம் சார்."

"ஊசி இல்லை, மருந்து இல்லை, ஒரு டாக்டர் இல்லை. அறுபத்து மூவர்! எழுதுங்க." அட்டை போடும் வேலை நின்றது. அறுபத்து மூன்று கோப்பிலும் 'குணமடைந்தார்' என்று முத்திரை விழுந்தது. மாநிலத்திலேயே நூற்றுக்கு நூறு காட்டிய ஒரே வாரியம் எங்களுடையதுதான்.

மாதிரி நபராக நாற்காலியில் உட்கார்ந்திருந்த வீரய்யாவிடம் முதல் கையொப்பம் வாங்கினார்கள். 'பார்வை திரும்பக் கிடைக்கப்பெற்றேன்' என்று அச்சடித்த தாள்.

"எங்கிட்டு சார் போடணும்?" என்றார் வீரய்யா. பேனா மேசையின் கண்ணாடியில் தடவிக்கொண்டிருந்தது. திருமுருகன் அவர் கையைப் பிடித்துக் கோட்டின் மேல் வைத்தார்.

படியில் இறக்கிக்கொண்டு வரும்போது நடந்ததைச் சொன்னேன். அவர் நின்றுவிட்டார்.

"படத்துல இருக்கவனுக்கு ரெண்டு கண்ணும் தெரியுதாங்க தம்பி?"

"தெரியுதுண்ணே."

"அப்ப நாளையிலேருந்து அவனக் களை வெட்டச் சொல்லுங்க. நான் வீட்ல இருந்துக்கிறேன்." சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. இருட்டுப் படிக்கட்டு என்பதால் யாருக்கும் தெரிந்திருக்காது.

மேலேயிருந்து செருப்புச் சத்தம். இசைவாணி இறங்கி ஓடி வந்தாள். "அண்ணே, நில்லுங்க. அவரு ஃபைல முடிச்சுட்டாங்க."

"தெரியும்மா."

"ஒங்களுக்குத் தெரியல. ஃபைல் முடிஞ்சா பதிவு போயிரும். கம்ப்யூட்டர்ல இப்ப அவரு நம்ம பயனாளி இல்ல. வேற எந்த ஆஸ்பத்திரியிலயும் சேரலாம். இவரு மட்டுமில்ல, எல்லாரும்." மடித்து வைத்திருந்த ஒரு தாளை என் சட்டைப் பையில் திணித்தாள். அறுபத்து மூன்று போன் நம்பர். "நான் கருத்து எதுவும் சொல்லலண்ணே" என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை வீரய்யாவையும் காத்தாயியையும் திருச்சிப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ரேஷன் கார்டு நகல் போதும் என்றார்கள். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "எந்த மடையன்யா இம்புட்டு நாள் வச்சிருந்தது?" என்று கேட்டார். பதில் சொல்லப் பன்னிரண்டு வியாழக்கிழமை ஆகும் என்பதால் பேசாமல் இருந்தேன். பிரஷர் ஏற ஆரம்பித்துவிட்டது, முழுசாக வராது, முக்கால் பார்வை வரும் என்றார். உள்ளே கொண்டுபோனார்கள். நான் ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் வெளியே கொண்டுவந்துவிட்டார்கள்.

மறுநாள் காலையில் கட்டுப் பிரித்தார்கள். வீரய்யா கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிப் பார்த்தார். எதிரே காத்தாயி.

"ஒனக்கு எப்ப இம்புட்டு நரைச்சுச்சு?"

"வியாழக்கெழமயில வியாழக்கெழமயில நரைச்சுச்சு" என்று சொல்லிவிட்டு அவர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

அடுத்த இரண்டு வாரத்தில் வேன் வைத்து மற்றவர்களும் போய்வந்தார்கள். ஐம்பத்தொன்பது பேருக்குப் பார்வை வந்தது. நாலு பேருக்கு நேரம் தாண்டியிருந்தது, வரவில்லை. வாரியத்தின் கோப்பில் அவர்களும் குணமடைந்தவர்கள்தான்.

ரேஷன் கார்டின் அசல் மட்டும் பீரோவிலேயே இருந்தது. அதை வாங்கிக்கொள்ள ஒரு வியாழக்கிழமை வீரய்யாவுடன் போனேன். பஸ் நிலையத்திலிருந்து நடந்தே வருவேன் என்றார். வழி நெடுகக் கடைப் பெயர்களை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டு வந்தார். மண்டி வாசலில் பேனர் வெயிலில் காய்ந்துகொண்டு நின்றது. அதன் முன்னால் நின்று அதையும் படித்தார். அப்புறம் என் கையைப் பிடிக்காமல் படியேறினார்.

ரெங்கராஜ் எழுந்தே வந்துவிட்டார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, மென்பொருள் கொடுத்த படத்தை வீரய்யாவின் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். திரும்பத் திரும்பப் பார்த்தார். புரை இல்லாத கண், புரை இல்லாத படம்.

"ஒத்துப்போகுது! திருமுருகன், பாத்தீங்களா? மூணு வாரத்துக்கு முன்னாடியே மென்பொருள் சொல்லிருச்சு. நாமதான் அவசரப்பட்டுச் சந்தேகப்பட்டோம்" என்று என்னைப் பார்த்தார்.

"இடது கண் ஒத்துப்போகலை சார்" என்றார் திருமுருகன்.

"இடது கண் விஷயத்தில் பயனாளி ஒத்துழைக்கவில்லைன்னு போட்டுக்கங்க." பீரோவைத் திறந்து ரேஷன் கார்டைக் கையில் கொடுத்தார். நாற்காலியும் போடச் சொன்னார். "வீரய்யா, இப்ப எல்லாம் நல்லாத் தெரியுதுல்ல? வாரியத்தைப் பத்தி ஒங்க வாயால ரெண்டு வார்த்தை சொல்லுங்க. ஆண்டறிக்கையில போடணும். சொல்லச் சொல்ல அப்படியே எழுதிக்குவாரு."

திருமுருகன் புதுத் தாள் எடுத்தார். வீரய்யா கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டார். இத்தனை வாரமும் குரலாக மட்டுமே தெரிந்த மனிதரைத் தலையிலிருந்து கால்வரை ஆசையாகப் பார்த்தார். காதிலிருந்து காதுக்குப் போன முடியை, கண்ணுக்குக் கீழே இருந்த பைகளை, எல்லாவற்றையும் பார்த்தார்.

"நல்லாத் தெரியுதுங்க சார். ஒண்ணு கேக்கலாமுங்களா?"

"தாராளமா."

"கீழ வாசல்ல பேனர்ல கும்பிட்டுக்கிட்டு நிக்கிறாகளே, அவுக ஒங்க மகனுங்களா?"

பேனா பாதி வரி ஓடி நின்றது. திருமுருகன் நிமிர்ந்து பார்த்தார்.

"சார், இதையும் எழுதணுமா?"